கட்டிலுக்கு அடியில் பிடியரிசி

1

ஜெர்மனியிலும் அறுப்பின் பண்டிகை உண்டு. ஆனால் நம் சபைகளைப் போல வாழைக்குலையும் சேவலும் ஏலத்துக்கு வராது. ஒருவரை ஒருவர் வீம்புக்கு ஏற்றிவிட்டு ஒரு தேங்காயின் விலையைக் கூட்ட மாட்டார்கள். பீடத்துக்கு முன்னால் பூசணிக்காய், ஆப்பிள், சடை பின்னியது போலச் சுட்ட ஒரு பெரிய ரொட்டி எல்லாம் அழகாக அடுக்கியிருக்கும். ஆராதனை முடிந்ததும் அவை ஊரில் உள்ள ஏழைகளுக்கு உணவுப்பொருள் கொடுக்கும் இடத்துக்குப் போய்விடும்.

போன பண்டிகைக்கு நானும் ஒரு டப்பாவைக் கொண்டுபோய் அந்தப் பூசணிக்காய்களுக்கு நடுவில் வைத்தேன். பிஸ்கட் வந்த தகர டப்பா. உள்ளே அரிசி.

ஆராதனை முடிந்து நான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, கோயிலைத் திறந்து பூட்டுகிற பெண்மணி அந்த டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நம் ஊரில் கோயில்பிள்ளை என்போமே, அந்த வேலை அவருக்கு.

“இது உங்களுடையதுதானே? மன்னிக்க வேண்டும். பிரித்த உணவுப்பொருளை அங்கே எடுக்க மாட்டார்கள். சுகாதார விதி. கடையில் ஒட்டியது ஒட்டியபடி இருக்க வேண்டும்.”

இது கடையில் வாங்கி அப்படியே தருகிற அரிசி அல்ல, தினமும் சமைக்கும் முன் ஒரு பிடி எடுத்துச் சேர்த்தது என்று சொல்லப் பார்த்தேன். பிடிக்கு என்ன சொல் என்று அவசரத்தில் வரவில்லை. குத்துவதற்கு மடக்கும் கைக்கு என்ன சொல்வார்களோ அதைச் சொல்லி, கையையும் மடக்கிக் காட்டினேன். பாவம், அரை அடி பின்னால் போய்விட்டார். பிறகு புரிந்தது போலச் சிரித்தார்.

“அடுத்த வருடம் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வாருங்கள். அது போதும்.”

அன்பாகத்தான் சொன்னார். அது போதாது என்பதைத்தான் எந்த மொழியில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு டிராம் ஏறினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உள்ளே அரிசி சரசரத்தது.

2

உங்களில் பிடியரிசி எடுக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சோற்றுக்கு அரிசியை அளந்ததும், கழுவுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனி டப்பாவில் போட வேண்டும். சாக்கிலிருந்து எடுக்கக் கூடாது. அன்றைக்குச் சாப்பிட அளந்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும். குறைந்ததை ஈடுகட்ட மறுபடி அளக்கவும் கூடாது. யாருடைய தட்டிலாவது அந்த ஒரு பிடி குறையும். எங்கள் வீட்டில் அது எப்போதும் அம்மாவின் தட்டு. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லா வீட்டு டப்பாவும் கோயிலுக்கு வரும். ஒரே சாக்கில் கொட்டி, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள்.

நான் கேரளத்தில் பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா ஞானம்மாள் கொழுந்து கிள்ளினாள். அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட பெஞ்சில் முதலில் உட்கார்ந்தவள் நான். இதை நான் எங்கேயும் பெருமையாகத்தான் சொல்வேன். குறைத்துச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. மலையடிவாரத்து வித்துராவுக்கு பஸ்ஸில் இறங்கி மலையாளத்தில் படித்தேன். தமிழ் எழுத்தை ஞாயிறு பள்ளியில் உபதேசியார் சொல்லித்தந்தார். கோயிலில் எழுந்து நின்று பாடம் வாசித்த அன்று, வாசித்து முடிக்கும்வரை அம்மா உட்காரவே இல்லை. மற்றவர்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பாட்டெல்லாம் காதால் கேட்டுப் படித்தவள். அவளால் வேதபாடம் சொல்லித்தர முடியாது, ஜெபக்கூட்டத்தில் பேசவும் வராது. அவள் ஆண்டவருக்கு ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அந்தப் பிடிதான். ரேஷன் வராத வாரத்திலும் எடுத்தாள். அப்பாவை அடக்கம் பண்ணிய மறுநாள், அண்டை வீட்டார் கொண்டுவந்து தந்த அரிசியிலும் எடுத்தாள்.

நான் நர்சிங் படிக்கத் திருவனந்தபுரத்துக்குப் போனபோது புத்தி சொல்லவில்லை. விமானம் ஏறியபோதும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில், பிள்ளையை மக்களே என்று கூப்பிடுகிற எங்கள் பக்கத்துப் பேச்சில், ஒரே கேள்விதான்.

“பிடி எடுத்தியா மக்களே?”

நான் எடுக்காவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் நான் பெருமைக்காரி. என் அம்மாவிடம் பொய் சொல்லும் அளவுக்கு நான் தாழ்ந்துபோகவில்லை என்று காட்டவேண்டும், வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும் எனக்கு. அதனால் எடுத்தேன். வியட்நாம்காரர் கடையில் வாங்கிய பாஸ்மதியில், ஒருத்திக்கு அளந்ததில், ஒரு பிடி. டப்பா நிறைந்தது. கொண்டுபோய்க் கொட்டத்தான் சாக்கு இல்லை.

3

நான் இருப்பது கிழக்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர். முதியோர் இல்லத்தில் வேலை. மறதி நோய் வந்தவர்களுக்கான தளம் என்னுடையது. பெரும்பாலும் ஞாயிறு காலையில் எனக்கு டியூட்டி விழும். “உனக்குத்தான் இங்கே குடும்பம் இல்லையே” என்று மேலாளர் சொல்வார். குற்றமாகச் சொல்வதில்லை. உண்மையும் அதுதான்.

டியூட்டி இல்லாத ஞாயிறுகளில் கோயிலுக்குப் போகிறேன். பெரிய கல்கோயில். வருகிறவர்கள் ஆளுக்கொரு வரிசையில் தள்ளித் தள்ளி உட்காருவார்கள். லயத்தில் எங்கள் கோயிலில் பக்கத்தில் இருப்பவளின் வியர்வையும் எண்ணெயும் மணக்க நெருங்கித்தான் உட்கார வேண்டும். இங்கே என் பாட்டு எனக்கு மட்டும் கேட்கிறது.

மாலையில் குடும்ப ஜெபம் செய்கிறேன். குடும்பம் என்று சொல்ல நான் ஒருத்திதான். லயத்தில் ஒருவர் ஜெபித்தால் மற்றவர்கள் ஆமென் சொல்வோம். தம்பி பாதியிலேயே தூங்கிவிழுந்து ஆமெனுக்கு மட்டும் விழித்துக்கொள்வான். இப்போது ஜெபமும் நான், ஆமெனும் நான். முதலில் கொஞ்ச நாள் ஆமெனைச் சொல்லாமல் விட்டேன். சொல்லாவிட்டால் கதவைச் சாத்தாமல் வந்தது போல இருந்தது. சொல்லத் தொடங்கினேன்.

தளத்தில் ஃப்ரௌ ஹார்ட்மன் என்று ஒரு அம்மாள். காலை உணவுக்குத் தரும் ரொட்டியைத் துணித்துண்டில் சுற்றித் தலையணைக்குக் கீழே ஒளித்துவைப்பார். சிறுவயதில் போர்ப் பட்டினி பார்த்தவர். மறதி முற்றினவர்கள் பலர் இப்படி உணவை ஒளிப்பார்கள். பூஞ்சை பிடிப்பதற்குள் எடுத்துவிடுவது எங்கள் வேலை. இதை ஒரு நாள் கதை போலத் தம்பியிடம் போனில் சொல்லியிருந்தேன். சொன்னது எனக்கு மறந்துபோயிற்று. அவனுக்கு மறக்கவில்லை.

4

டப்பா திரும்பி வந்த அந்த வாரமே தம்பி ஜஸ்டின் கூப்பிட்டான். அவன் திருவனந்தபுரத்தில் லிப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறான். அவன் மனைவி ஷீபா மலையாளி. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு பார்க்கிறாள். பேரூர்க்கடையில் மாடி வீடு. தோட்டத்தில் வேலை நின்றுபோன பிறகு அம்மா அவர்களோடுதான். அவர்களுடைய சின்னப் பெண்ணுக்குத் தமிழ் வராது. அம்மா தமிழில் கொஞ்சுவாள், குழந்தை மலையாளத்தில் பதில் சொல்லும்.

“அக்கா, அம்மைக்கு ஓர்மை போகுது. எல்லாம் மறந்துபோகுது.”

“என்னடா சொல்லுக?”

“கட்டிலுக்கு அடியில முழுக்க அரிசி. ரெண்டு டப்பா, ஒரு ஊறுகாய் குப்பி, பழைய தலையணை உறை ஒண்ணு நிறைய. வண்டு ஊர்ந்து மெத்தைக்கு வந்தாச்சு. ஷீபா விளக்குமாறு எடுத்துத் தூத்துவாரும்போதுதான் கண்டா. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா அம்மை தனியாக்கும். நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு இல்லம் பார்த்துட்டு வந்தோம். நல்ல இடம்தான். அடுத்த மாசம் இடம் இருக்குன்னாங்க.”

நான் வேலை செய்வதும் ஒரு நல்ல இடம்தான். அங்கே வாரக்கணக்கில் ஒருவரும் வந்து பார்க்காத ஆட்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்கு முன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“டேய், அது பிடியரிசிடா! நீயும் அந்த வீட்டுலதானே பிறந்த?”

“பிடியரிசியா? அதெல்லாம் மலையோட போச்சே.”

“உனக்குப் போச்சு. அம்மைக்குப் போகல்ல.”

“அக்கா, நீ நர்ஸ்தானே? உங்க இல்லத்துல கிழவி ரொட்டி ஒளிச்சு வைக்குதுன்னு நீதான் சொன்ன. அது நோயின்னும் நீதான் சொன்ன.”

“போனை அம்மைகிட்ட குடு.”

அம்மா வந்ததும் நேராகவே கேட்டேன். “கட்டிலுக்கு அடியில என்னத்தம்மா வச்சிருக்க?”

“உனக்கும் சொல்லிட்டானா? ஆண்டவருக்குள்ளத வச்சிருக்கேன். களவாண்டு வச்சதுபோல பேசுகான்.”

“கோயிலுக்குக் கொண்டுபோகலாம்லா?”

“கொண்டுபோனேன் மக்களே. இவங்க போற ஜெபவீட்டுக்குத்தான். வாசல்ல ஒரு பையன் டை கெட்டிட்டு நின்னான். ‘அம்மச்சி, இது எந்தா?’ன்னான். அரிசின்னேன். இங்க அரிசி எடுக்கதில்லன்னு சிரிச்சான். அங்க எல்லாம் போன்லதான் காணிக்கை, கேட்டியா. உனக்க தம்பிக்கு முகம் சிவந்துபோச்சு. வீட்டுக்கு வந்து, இனி கொண்டுவராதம்மான்னான். கொண்டுவராதன்னுதானே சொன்னான்? எடுக்காதன்னு சொல்லல்லியே.”

எனக்கு மறுபடி சிரிப்பு. வக்கீல் தோற்றுப்போவார்.

“மலைமேல நம்ம கோயிலுக்கு யாராவது போனா குடுத்துவிடலாம்னு வச்சிருக்கேன். ஆரும் போகல்ல,” என்றாள். பிறகு, “நீ பிடி எடுத்தியா?”

“எடுத்தேன்மா.”

தம்பியிடம் திரும்பப் பேசும்போது நான் என்னென்ன சொன்னேன் என்று முழுவதும் எழுத மாட்டேன். அம்மாவின் பக்தியை நோய் என்கிறாயா என்று கேட்டேன். வாசலில் அவளைப் பார்த்து ஒருவன் சிரிக்க விட்டுவிட்டு நீ ஸ்தோத்திரம் பாடினாயா என்று கேட்டேன். தலையணை உறையில் ஏன் போட்டாள் என்று அவன் கேட்டான். டப்பா நிறைந்திருக்கும், வேறு எதில் போடுவாள் என்று அடக்கினேன். பின்னால் ஷீபா இருந்தாள், அவள் மூச்சு கேட்டது. ஒன்றும் பேசவில்லை.

“சரி அக்கா. இல்லத்துல வேண்டாம்னு சொல்லிடுதேன்,” என்றான்.

அன்று நான் சமைக்கும்போது சத்தமாகப் பாடினேன். கீழ்வீட்டுக்காரர் கம்பால் தன் வீட்டு உட்கூரையைத் தட்டினார்.

5

உடனே போய் அம்மாவைப் பார்க்க ஆசை. ஆனால் தங்கும் அனுமதி முடியும் தறுவாயில் இருந்தது. புதிய அட்டை வரவில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். அட்டை இல்லாமல் வெளியே போனால் திரும்ப வர முடியாது. முடிவில், இவருக்கு அனுமதி இருப்பதாகவே கொள்ளவும் என்று ஒரு தற்காலிகத் தாள் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கும் எனக்கே டியூட்டி. அது கழிந்துதான் லீவு கிடைத்தது.

சேர்த்துவைத்த அரிசியைத் துணிப்பையில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். திருவனந்தபுரத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். பையை அமுக்கிப் பார்த்தார்.

“எந்தா இது?”

“அரி, சார்.”

“ஜெர்மனியில் நின்னு அரியோ?” பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். “இதா, ஒருத்தி வெளிநாட்டில் நின்னு கேரளத்துக்கு அரி கொண்டு வந்நிருக்குந்நு!” எனக்குத் தெரிந்தவரையில் இந்த ஊர் விமான நிலையத்தில் அரிசி வெளியேதான் போகும். இருவரும் மனம்விட்டுச் சிரித்தார்கள். “கொண்டு போ மோளே, கொண்டு போ. இவிடெ அரிக்கு பஞ்சமாணு.”

அம்மா வீட்டு வாசலிலேயே நின்றாள். மெலிந்திருந்தாள். என் கன்னத்தைத் தடவி, “பிள்ளை வெளுத்துட்டாளே,” என்றாள். அரிசிப் பையைக் கொடுத்ததும் கையை உள்ளே விட்டு அளைந்தாள். “எத்தற மெலிசு! இதைப்போய் எப்பிடித் தின்னுத?” என்றாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பார்த்தாயா என்பது போல நான் தம்பியைப் பார்த்தேன்.

மறுநாள் அவர்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். நான் சமையலறை மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்டாள். கண்ணை மூடி, உதடு அசைய, ஒரு பிடி எடுத்தாள். பக்கத்தில் இருந்த டப்பாவில் போட்டாள். ஜன்னல் வழியாக யாரோ மீன் விற்கும் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். கண்ணை மூடினாள். ஒரு பிடி எடுத்தாள்.

வெங்காயத்தை வைத்துவிட்டு அவள் கையையே பார்த்தேன்.

குழாயைத் திறந்தாள், மூடினாள். என்னவோ விட்டுப்போனது போல நின்றாள். பிறகு முகம் தெளிந்தது. கண்ணை மூடினாள்.

மூன்றாவது பிடியையும் அதே மரியாதையோடு எடுத்தாள். ஒரு தானியம் சிந்தவில்லை.

என் தளத்தில் இதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே பதிவில் எழுதியிருப்பேன்.

6

ஷீபா பஸ் நிறுத்தத்துக்குப் போகும்போது கூடவே நடந்தேன். கேட்க வேண்டியதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வந்தேன். அவளே தொடங்கினாள். அவள் தமிழ் பாதி, மலையாளம் பாதி.

“சேச்சி கண்டு, இல்லே?”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“சோறு பத்தாம வந்நு, அப்போழே எனக்கு மனசிலாயி. ஒரு பிடி இல்ல சேச்சி, சில நாள் நாலு, அஞ்சு. அதுகொண்டு அம்மை அளக்குந்நதுக்கு முன்னே நான் அளவு கப்பை மாத்தி. பெரிய கப் வச்சேன். அம்மைக்கு அறியாது.”

“ஏன் சொல்லல்ல? அன்னைக்கு போன்ல நான் அத்தனை பேசினேனே.”

அவள் பையின் வாரைச் சரிசெய்தாள். “சேச்சி எத்தற சந்தோஷமாயிட்டு இருந்நு. அம்மைக்கு ஒண்ணும் இல்லன்னு சேச்சி பறஞ்ஞப்போ, எனக்கும் அப்படி இருந்தா போதும்னு தோணி.”

கேஸை ஒரு நாள் திறந்துவைத்துவிட்டு அம்மா ஜெபிக்க உட்கார்ந்ததையும் சொன்னாள். அதற்குப் பிறகு மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஆட்டோ பிடித்து வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறாளாம். கீழ்வீட்டு அம்மாளிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். இல்லத்துக்கு அனுப்பும் யோசனை ஜஸ்டினுடையது, பயத்தில் வந்தது. “இனி அது வேண்டா. எனக்குப் பற்றுந்நது வரைக்கும் நோக்காம்,” என்றாள். முடிந்தவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதற்கு அர்த்தம். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

மறதிச் சோதனைக்கு அம்மாவை நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்தக் கேள்விகளை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். இது என்ன மாதம், மூன்று பொருள் சொல்கிறேன் நினைவில் வையுங்கள். மாதம் என்ன என்றதற்கு அம்மா சிரித்து மழுப்பினாள். மூன்று பொருளில் ஒன்றும் தங்கவில்லை. டாக்டர் பேச்சை மாற்ற, இன்று காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

“பிடி எடுத்தேன்,” என்றாள் உடனே.

வெளியே காத்திருந்த தம்பியிடம் சொன்னேன், “நீ சொன்னது சரிதான்டா.” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீ சொன்னதும் சரிதான் அக்கா. ரெண்டும்தான்,” என்றான். நாங்கள் சண்டை போட்டதில் இருவரும் ஜெயித்த ஒரே சண்டை அது. இருவருக்கும் அதில் சந்தோஷம் இல்லை.

7

முதல் ஞாயிறு மலைக்குப் போனோம், நானும் அம்மாவும். கட்டிலுக்கு அடியில் இருந்த அரிசியை ஷீபா மொட்டைமாடியில் வெயிலில் காயவைத்து, வண்டு போகப் புடைத்துத் தந்திருந்தாள். வித்துராவில் மாறி ஏறினோம். மேலே போகும் பஸ் சிலதுதான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அம்மா இரண்டு பையையும் மடியோடு அணைத்துக்கொண்டாள்.

கோயிலில் இப்போது சில குடும்பங்களே உண்டு. பாதி லயம் பூட்டிக்கிடக்கிறது. மாதர் சங்கத்தை நடத்துகிற தங்கம் அக்கா அம்மாவைக் கண்டதும் ஓடி வந்தார்.

“ஞானம்! பட்டணத்துக்குப் போய் எங்களயெல்லாம் மறந்திட்டியாட்டீ?”

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அவர் கையைப் பிடித்து, “உன்ன மறந்தா நீ சும்மா விடுவியா தங்கம்?” என்றாள். பேரைச் சரியாகச் சொன்னாள்.

சாக்கை விரித்துக் கொட்டினோம். அம்மாவின் சிவப்பு அரிசிக்கு மேல் என் வெள்ளை அரிசி. தங்கம் அக்கா ஏலக்குரல் எடுத்தார்.

“ஜெர்மனி அரிசி கலந்திருக்கு, கேளுங்க! ஆருக்கு வேணும்?”

“அதைத் தின்னா இங்கிலீஷ் வருமா?” என்றாள் பின்னால் ஒருத்தி.

“ஜெர்மன் பாஷையிலதான் வயித்த வலிக்கும் உனக்கு,” என்றார் தங்கம் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி லயத்தில் தனியாக இருக்கிற ஒரு அம்மாளுக்குக் கேட்ட விலைக்கே போயிற்று. கூட்டிக் கேட்க ஆள் இருந்தது, யாரும் கேட்கவில்லை. அங்கே பிடியரிசி ஏலம் எப்போதும் அப்படித்தான்.

அதற்கு முன், ஆராதனையில் பாடும்போது அம்மா ஒரு அடிகூடத் தடுமாறவில்லை. நான் புத்தகத்தைப் பிடித்திருந்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குரலோடு சேர்ந்து பாடி எனக்கு வெகுகாலம் ஆயிருந்தது. அந்தப் பாட்டு இன்னும் சில சரணம் நீளாதா என்று இருந்தது.

இறங்கும்போது முதல் வளைவிலேயே கேட்டாள். “மக்களே, அரிசியைக் கோயில்ல குடுத்தோமா?”

“குடுத்தாச்சும்மா.”

“ஸ்தோத்திரம்.” அடுத்த வளைவு. “அரிசியைக் குடுத்தோமா?”

“குடுத்தாச்சும்மா.”

“ஸ்தோத்திரம்.”

வித்துரா வரும்வரை இப்படியே. ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தில் அந்த நிம்மதி புதிதாகவே வந்தது. அவளுக்கு அன்று எத்தனை தடவை காணிக்கை சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். என் நிம்மதிதான் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துபோனது.

8

திரும்பி வந்துவிட்டேன். அட்டையும் வந்துவிட்டது. இன்னும் சில வருடம் இங்கே இருக்கலாம் என்று அதில் போட்டிருக்கிறது. ஃப்ரௌ ஹார்ட்மனின் தலையணைக்குக் கீழே இப்போது கையை விடும்போது எனக்கு முன்போல அவசரம் இல்லை. ரொட்டியை எடுப்பதற்கு முன் அவர் தூங்கும்வரை காத்திருக்கிறேன்.

அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். ஞாயிறு தம்பி போன் போட்டுக் கொடுக்கிறான். முன்பு ஒரு தடவை கேட்ட கேள்வியை இப்போது பல தடவை கேட்கிறாள். நோயாளி திரும்பத் திரும்பக் கேட்டால், அவர்களுக்கு நிம்மதி தருகிற பதிலைச் சொல்லுங்கள், அது உண்மையா என்று பார்க்க வேண்டாம் என்று எங்கள் பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். தளத்தில் நானும் அப்படித்தான் செய்கிறேன். அம்மாவிடம் முடியவில்லை. அவள் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முதல் தடவை. எடுத்தியா என்றால், இப்போது எடுத்தியா என்றுதான் கேட்கிறாள்.

போன ஞாயிறு சமைக்கும் நேரத்தில் கூப்பிட்டாள். போனை அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டு அரிசியை அளந்தேன். ஒருத்திக்கு உள்ளது.

“பிடி எடுத்தியா மக்களே?”

ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டேன். “எடுத்தேன்மா.”

குளிரைப் பற்றிக் கேட்டாள். ஷீபா அவளுக்குத் தலை பின்னிவிட்டதைச் சொன்னாள். ஷீபாவின் பேரைச் சொல்லாமல், “இந்தப் பிள்ளை” என்றாள். பிறகு நிறுத்தினாள்.

“பிடி எடுத்தியா?”

இன்னொன்று எடுத்தேன். “எடுத்தேன்மா.”

பாத்திரத்தில் அடி தெரிந்தது. அவள் அங்கே யாரிடமோ என்னவோ சொன்னாள், சிரித்தாள், திரும்பி வந்தாள். அவள் மூச்சு இழுப்பது கேட்டபோதே என் கை அரிசிக்குள் போயிருந்தது.

“மக்களே, பிடி எடுத்தியா?”

“எடுத்திட்டு இருக்கேன்மா,” என்றேன்.